லீவரில் ஒரு கை

வீட்டில் எது பழுதானாலும் திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்காமல் என்னால் சும்மா இருக்க முடியாது. என் பிழைப்பும் அதுதான். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். மிக்ஸி, ரேடியோ, பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் என்று எத்தனையோ கழற்றியிருக்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து நான் கழற்றிய கையடக்க வீடியோ கேம் கருவியில் ஒரு பழுதும் இல்லை. அதைப் பிடித்து ஆடிய என் கணவரின் கைகள்தான் பழுதாகிக்கொண்டிருந்தன. அவற்றைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.

அவர் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் லீவர் பிடித்து நிற்கிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வருஷத்தில் பாதி நாள் ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று வண்டியோடு போய்விடுவார். ஏதோ ஒரு வடக்கத்தி ஊர்ச் சந்தையில் வாங்கிய கருவி அது. உள்ளங்கை அளவு, சாம்பல் நிறம், நடுவில் சின்னத் திரை, இடப்பக்கம் கூட்டல்குறி போல ஒரு பட்டன், வலப்பக்கம் வட்டமாக இரண்டு. அதில் ஏகப்பட்ட விளையாட்டுகள் இருந்தாலும் அவர் ஆடியது ஒன்றே ஒன்றுதான். மேலிருந்து கட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும். திருப்பி, நகர்த்தி, சந்தில் சரியாக உட்காரவைக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் மறைந்துபோகும். நிரம்பாமல் அடுக்கிக்கொண்டே போய் மேலே முட்டினால் ஆட்டம் முடிந்தது.

“நாளெல்லாம் பூமிக்குள்ள ராடு எறக்குறீங்க. இதுலயும் எறக்கோணுமா?” என்று கேலி செய்வேன்.

“இதுல பாறை வாராதில்ல” என்பார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று பார்த்தேன். ஒரு நீளக் கட்டையைத் திருப்பாமல் அவர் யோசித்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. தோளுக்கு மேலே கையை நீட்டி நானே பட்டனை அமுக்கிவிட்டேன். அதுவரை என்னிடம் குரல் உயர்த்தியே பேசாத மனுஷன், “கையெடு புள்ள!” என்று ஒரு அதட்டுப் போட்டார். எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டுச் சாமானுக்கு இந்தக் கோபமா என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன்.

கொஞ்சநேரம் கழித்து அவரே சமாதானத்துக்கு வந்து, ரிக்கில் உள்ள வழக்கத்தைச் சொன்னார். “லீவர்ல ஒரு கைதான் இருக்கோணும் சாமி. ராடு மாட்டறப்ப எதுத்தாப்புல ஒருத்தன் ஸ்பானரப் புடிச்சுட்டு நிப்பான். நான் ஒண்ணு நெனைச்சு அமுக்கி, நீ ஒண்ணு நெனைச்சு அமுக்குனா அவன் கை போயிரும்.” ஆள் மாற வேண்டும் என்றால் அதற்கும் ஒரு முறை இருந்தது. பிடித்திருப்பவர் “புடி” என்பார். வருகிறவர் உடனே தொட்டுவிடக் கூடாது. “உட்டாச்சா?” என்று கேட்க வேண்டும். “உட்டாச்சு” என்று பதில் வந்த பிறகுதான் கை வைக்கலாம். கம்ப்ரஸர் போடும் சத்தத்தில் காதில் எதுவும் விழாது. அதனால் வாயசைப்பைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். போன் வந்தாலோ ஆள் வந்தாலோ “புடி” என்று கருவியை நீட்டுவார். நான் வேண்டுமென்றே இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “உட்டாச்சுங்களா மாமா?” என்று ராகம் போட்டுக் கேட்பேன். அதற்குள் இரண்டு கட்டை கோணலாக விழுந்திருக்கும். “உட்டாச்சு, உட்டாச்சு, புடி புள்ள!” என்று பதறுவார். எங்களுக்குக் குழந்தை இல்லை. மாலை நேரத்தில் வீட்டில் சத்தம் என்றால் இந்தச் சத்தம்தான்.

அவருக்கு முதலில் வலது கட்டைவிரல் போனது. டம்ளர் நழுவியது, சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை. அப்போது வண்டி ராஜஸ்தானில் இருந்தது. லீவரில் பிடி நிற்கவில்லை என்று தெரிந்ததுமே, யாரும் சொல்லாமல் அவராகவே கூட இருந்த டிரில்லரிடம் “புடி” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டார். சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு டாக்டரிடம் காட்டினோம். பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு, தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன என்றார். நிறுத்த மருந்து இல்லை, கொஞ்சம் தள்ளிப்போடத்தான் முடியும் என்றார். பேருந்தில் திரும்பினோம். சங்ககிரி தாண்டியதும் அவர், “ஊட்டுக்குப் போயி உப்புமா செய்யறயா?” என்று கேட்டார். அவருக்கு உப்புமா பிடிக்காது. எனக்குத்தான் பிடிக்கும்.

அதற்கப்புறம் சொந்தபந்தம், ஒறம்பரை என்று வந்து வந்து போனார்கள். வந்தவர்கள் எல்லாரும் டாக்டர் ஆனார்கள். கேரளாவில் ஒரு எண்ணெய் இருக்கிறதாம், மலைக்கோயிலுக்கு இன்னது வேண்டிக்கொள்ள வேண்டுமாம், ஒருவர் மட்டும் பப்பாளி இலையோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம். “அதெல்லாம் நீங்க சாப்புட்டுப் பாத்தீங்களா?” என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். வந்தவர் என் மேல் பாய, என் கணவர், “அவளத் திட்டாதீங்க, அவளும் பயந்துதான் இருக்கறா” என்று எனக்காகப் பரிந்து பேசினார். நான் பயந்திருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

கொஞ்ச நாளில் கருவியை எடுத்து பீரோ மேலே வைத்துவிட்டார். “சலிச்சுப்போச்சு” என்றார். சலித்துப்போனவர் தரை டைல்ஸையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். கண் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவும். மனதுக்குள் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அமுக்குகிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் கையாலேயே அவர் ஆட வேண்டும். நோயை நிறுத்த முடியாது, சரி. இந்த ஒன்றையாவது அதனிடம் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

லேபில் பிரேக்அவுட் பாக்ஸ் என்று ஒன்று செய்யச் சொல்லித் தருவோம். ஒரு கருவிக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் இணைப்புகளைக் கம்பி போட்டு வெளியே இழுத்து, ஆளுக்கொரு இடம் கொடுத்து உட்காரவைக்கும் பெட்டி. சோதனை செய்வதற்கு வசதியாக இருக்கும். வருஷாவருஷம் சொல்லி எனக்கே அலுத்துப்போன பாடம். அதைத்தான் எங்கள் சாப்பாட்டு மேசையில் செய்ய உட்கார்ந்தேன். கருவியின் முதுகைத் திறந்தால் ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் ஒரு ரப்பர் மூடி, அதன் அடியில் கரிப் பொட்டு. அந்தப் பொட்டு பலகையில் இருக்கும் இரண்டு செம்புக் கோடுகளைத் தொட்டுச் சேர்த்தால் போதும், பட்டன் அமுங்கியது என்று கருவி எடுத்துக்கொள்ளும். விரல்தான் சேர்க்க வேண்டும் என்று அதற்கு ஒன்றும் கட்டாயமில்லை. தலைமுடி போன்ற எனாமல் கம்பியை ஒவ்வொரு செம்புக் கோட்டிலும் பற்றவைத்து, ஒரு ஒயரில் சேர்த்து, வெளியே கொண்டுவந்தேன். பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுக்காத புள்ள, பொகை” என்று மட்டும் அவ்வப்போது சொன்னார்.

கருவிக்குள் செய்ததில் குறை இல்லை. பெட்டியில்தான் கோட்டை விட்டேன். எங்கள் ஊரில் எதைச் செய்தாலும் கெட்டியாகச் செய்வோம். இங்கே செய்கிற ரிக் வண்டி நாடெல்லாம் சுற்றிப் பாறையோடு மல்லுக்கட்டித் திரும்பி வர வேண்டும். அந்தப் பழக்கத்தில் பூந்தொட்டிக்குத் தாங்கி கேட்டால்கூட ஆனை ஏறி நிற்கிற மாதிரி வெல்டிங் வைத்துத் தருவார்கள். எனக்கும் அதே புத்தி. ரிக் சாமான் விற்கும் கடைக்குப் போய், காளான் தலை போன்ற பெரிய பட்டன்களாகப் பொறுக்கினேன். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஒரு பட்டறையில் சொல்லி இரும்புத் தகட்டில் பெட்டி செய்து, பட்டன்களைப் போல்ட் போட்டு முறுக்கினேன். பார்த்தால் வண்டியில் இருக்கும் பேனல் மாதிரியே இருந்தது.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. “அடேங்கப்பா! வண்டிப் பேனலையே கொண்டாந்துட்டயே!” என்றார். பச்சைப் பட்டன் மேல் உள்ளங்கையை வைத்தார். அமுக்கினார். பட்டன் அசையவில்லை. மணிக்கட்டை வைத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு உடம்பையே சாய்த்து அமுக்கினார். கையுறை போட்ட முரட்டுக் கைகள் தட்டுவதற்குச் செய்த பட்டன் அது, அதன் ஸ்பிரிங் அப்படி. கடையில் நானே விரலால் அமுக்கிப் பார்த்து, நல்ல கெட்டி என்று மெச்சித்தான் வாங்கினேன். எந்தக் கைக்கு வாங்குகிறேன் என்பது அந்த நிமிஷம் என் மண்டையில் ஏறவில்லை.

“ஸ்பிரிங் புதுசு சாமி” என்றார். “போகப்போக எளகிரும்.”

“ஆமாங்க, புதுசில்லீங்களா” என்றேன்.

ஸ்பிரிங் இளகுவதற்கு முன்னால் அந்தக் கைக்கு என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அப்புறம் கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினேன்.

எங்கள் பின்வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தம் எங்களுக்கு மூச்சு மாதிரி, கேட்பதே தெரியாது. நின்றால்தான் தெரியும். ஒரு சாயங்காலம் தறி சட்டென்று நின்றது. நூல் அறுந்திருக்கும். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தறியில் ஒவ்வொரு பாவு இழையிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். இழை விறைப்பாக இருக்கும்வரை அது மேலேயே நிற்கும். இழை அறுந்தால் தகடு விழுந்து, அடியில் இருக்கும் கம்பியைத் தொடும். தொட்டதும் மின்சாரம் பாய்ந்து தறி நின்றுவிடும். ஒரு நூல் தாங்குகிற கனம்தான் அந்தத் தகடு. பின்வீட்டு அக்காவிடம் போய் நான்கைந்து தகடு கேட்டேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். கைநிறைய அள்ளிக் கொடுத்தார்.

இந்தத் தடவை கெட்டியாக எதையும் செய்யவில்லை. பிளாஸ்டிக் மின்பெட்டி ஒன்றின் மூடியில், செம்புக் கம்பிக்கு மேலே ஒரு மயிரிழை இடைவெளி விட்டுத் தகடுகளைக் கட்டினேன். ஊதினாலே தொட்டுவிடும். முதலில் ஒருமுறை தொட்டால் கட்டை இரண்டு முறை திரும்பியது. “ஒண்ணுக்கு ரெண்டா திருப்புது புள்ள, வேலைக்கு ஆள் எச்சா போட்டுட்ட” என்றார். தகட்டின் துள்ளலை அடக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்ததும் அது நின்றது. கருவியை ஒரு தாங்கியில் அவர் கண்ணுக்கு நேரே நிறுத்தினேன். பெட்டியை மடியில் வைத்தேன். இடது கை விரல்கள் மூன்றை மூன்று தகடுகள் மேல் எடுத்து வைத்தேன். அவர் ஆட ஆரம்பித்தார். கட்டைகள் இறங்க இறங்க அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். முதல் வரிசை மறைந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் நூறு பெட்டி செய்வேன்.

ராஜஸ்தானில் அவர் லீவரை ஒப்படைத்துவிட்டு வந்த டிரில்லர், ஊருக்கு வந்திருந்தபோது பார்க்க வந்தார். இவர் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இவர் விரல் ஒரு தகட்டிலிருந்து வழுக்கிவிட்டது, திரும்ப எடுத்து வைக்கத் திணறினார். வந்தவருக்கு மனசு கேட்கவில்லை, கையை நீட்டித் தகட்டைத் தொடப் போனார்.

“கையெடு” என்றார் என் கணவர். அப்போதே குரல் குழறத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அது டிரில்லர் குரல்.

வந்தவர் சுட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். “தப்புத்தானுங்ணா” என்றார். விரல் தானாகவே தகட்டுக்கு ஊர்ந்து வந்து சேரும்வரை யாரும் கை நீட்டவில்லை. போகும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “அண்ணன் இன்னும் வண்டியிலதானுங்க்கா நிக்கறாரு” என்றார். தலை குனிந்தபடியே பைக்கை எடுத்தார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தேய்மானம்தான். ஒரு விரல் போனால் அந்தத் தகட்டைக் கழற்றி இன்னொரு இடத்தில் கட்டுவேன். திருப்புவதைக் கால் பெருவிரலுக்குக் கொடுத்தேன். கொஞ்ச காலம் அது ஓடியது. பிறகு கால் போனது. முழங்கைக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று என்று கம்பிகள் அவர் உடம்பு முழுக்க இடம் தேடி அலைந்தன. ஒவ்வொரு தகடாகக் கழற்றும்போதும் நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன். தெருக்கதை, காலேஜ் கதை, பிரின்சிபால் விக் வைத்திருக்கிறாரா இல்லையா என்று என்னத்தையாவது உளறிக்கொண்டே கழற்றுவேன். அவரும் சிரிப்பார். கழற்றின தகடுகளை ஒரு டப்பாவில் போட்டுவைத்தேன். அந்த டப்பா நிறைவது எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் இடது ஆள்காட்டி விரல் மட்டும் மிஞ்சியது. ஒரு விரலை வைத்துக்கொண்டு மூன்று வேலை செய்ய வேண்டும். பெட்டியில் மூன்று சின்ன விளக்குகள் வைத்தேன். இடம், வலம், திருப்பு. மாறி மாறி எரியும். வேண்டிய விளக்கு எரியும்போது தகட்டைத் தொட்டால் அந்த வேலை நடக்கும். ஆட்டத்தை ஆக மெதுவாக வைத்தாலும் பாதிக் கட்டை தப்பாகத்தான் விழுந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. தினமும் நான் காலேஜிலிருந்து வந்ததும் கண்ணால் பெட்டியைக் காட்டுவார்.

அந்த வருஷம் பங்குனி வெயிலில் அவருக்குக் குரலும் போய்விட்டது. வாய் மட்டும் அசையும். எனக்கு அதைப் படிக்கத் தெரிந்திருந்தது. ஒருநாள் சாயங்காலம் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. திருப்பும் விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. விரல் அசையவில்லை. கட்டைகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். உதடு சேர்ந்து பிரிந்தது.

புடி.

எனக்குப் புரியாமல் இல்லை. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் லீவர் அவர் கையில்தானே இருக்கிறது. தண்ணீர் வேணுமா, முதுகு வலிக்குதா என்று வேறு எதையெதையோ கேட்டேன். கட்டைகள் மேலே முட்டி ஆட்டம் முடிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாளும் அப்படியே நடந்தது. அவர் சொன்னார், நான் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் முகத்தில் கோபம் இருந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த அதே கோபம். எதிரில் ஆள் நிற்கும்போது லீவரை அந்தரத்தில் விடுகிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்?

அடுத்த நாள் சாயங்காலம் ஆட்டத்தை ஆரம்பித்து, அவர் விரலைத் தகட்டின் மேல் வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தேன். பின்வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. முதல் கட்டை பாதி வழி இறங்குவதற்குள் அவர் என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டார். நான் எழுந்து நின்றேன். இடுப்பில் கை வைக்கவில்லை. ராகம் போடவில்லை.

“உட்டாச்சுங்களா மாமா?”

அவர் உதடு மெதுவாக அசைந்தது. உட்டாச்சு.

அவர் விரலை எடுத்துப் போர்வை மேல் வைத்தேன். அதே தகட்டில் என் விரலை வைத்தேன். எனக்கு முன்னே இருந்த திரை கண்ணீரில் கலங்கிக் கிடந்தது, எந்த விளக்கு எரிகிறது என்றே தெரியவில்லை. கண்டபடி ஆடினேன். இடது பக்கம் வைக்க வேண்டியதை வலது பக்கம் வைத்தேன். அவர் கண் திரையில் ஓடி, சந்து இருக்கிற இடத்தில் நின்று, என்னைப் பார்த்து, மறுபடி அங்கேயே போனது. அந்தக் கண்ணைப் பார்த்துப் பார்த்து ஒரு வரிசையை நிரப்பினேன். மறைந்தது. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

சித்திரை பிறப்பதற்குள் போய்விட்டார். வாடகைக்கு எடுத்திருந்த கட்டிலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர் சட்டைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. இந்தப் பெட்டியைக் கழற்றி, கருவியைப் பழையபடி மூடிவிடலாம் என்று இரண்டு தடவை துண்டை விரித்து உட்கார்ந்தேன். கழற்றத் தெரியாதவளா நான்? ஆனால் லீவரைப் பிடித்தவர் சும்மா விட்டுவிட்டுப் போகக் கூடாது. புடி என்று சொல்ல வேண்டும். எதிரில் ஒருவர் நின்று, விட்டாயிற்றா என்று கேட்க வேண்டும். இந்த வீட்டில் அப்படிக் கேட்க யாரும் இல்லை.

சாயங்காலம் காலேஜிலிருந்து வந்ததும் தகட்டில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்கிறேன். இன்னும் நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.